முதல் நிமிடத்தின் கணக்கு

பிள்ளை பிறந்தபோது வைத்தியசாலையில் தந்த பத்திரங்களைப் பெரும்பாலான பெற்றோர் கவனமாக வைத்திருப்பார்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ சிட்னியிலோ பிள்ளை பெற்ற வாசகர்கள் அவற்றை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். பிறந்த நேரம், நிறை, தலையின் சுற்றளவு ஆகியவற்றுக்கு அருகில் 8, 9 என்றோ 9, 10 என்றோ இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கக்கூடும். அவற்றுக்கு அப்கார் புள்ளிகள் என்று பெயர். பிள்ளை பிறந்து ஒரு நிமிடத்தில் ஒன்றும், ஐந்து நிமிடத்தில் மற்றொன்றுமாக இடப்பட்டவை. மனிதன் எழுதும் முதற் பரீட்சை இது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்தப் பரீட்சையில் ஐந்து பாடங்கள். அவற்றுள் தலையாயது இதயத்துடிப்பு. பிறந்தவுடன் பிள்ளையின் இதயம் துடிக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது இன்று எல்லோருக்கும் இயல்பான காரியமாகத் தோன்றும். நாடி பிடித்துப் பார்க்கும் கலை மிகப் பழையது. நமது சித்த வைத்தியத்திலும் அதற்கென்றே தனி இடம் உண்டு. ஆயினும் பிறந்த பிள்ளையின் துடிப்பை முறையாக எண்ணி, எழுதி வைத்து, அந்த எண்ணைக் கொண்டு அடுத்த காரியத்தைத் தீர்மானிக்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான். ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்வியே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குத் தோமஸ் ஹார்டி நன்கு தெரிந்த பெயர். 1840 ஜூன் 2ஆம் திகதி இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் அவர் பிறந்தபோது, பிள்ளை செத்துப் பிறந்துவிட்டது என்று கருதிய வைத்தியர் அதை ஒருபுறம் வைத்துவிட்டுத் தாயைக் கவனிக்கத் தொடங்கினார். உடனிருந்த மருத்துவிச்சிதான் அந்தச் சிசுவை மறுபடியும் உற்றுப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று குரல் கொடுத்தார். அவ்வாறு காப்பாற்றப்பட்ட பிள்ளை 87 வயது வரை வாழ்ந்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்திராவிட்டால் 'டெஸ்' என்ற நாவல் இல்லை. ஹார்டி உலகப் புகழ் பெற்றதனால் அவருடைய பிறப்பின் கதை எழுதப்பட்டது. திரும்பிப் பார்க்க எவருமின்றி ஒருபுறம் வைக்கப்பட்ட பிள்ளைகளின் கதையை எழுத யாரும் இருக்கவில்லை.

அந்த வைத்தியரைக் கொடியவர் என்று சொல்ல முடியாது. அக்காலத்தில் பிரசவம் என்பது தாயின் உயிர்ப் போராட்டமாகவே கருதப்பட்டது. இரத்தப் பெருக்கும் ஜன்னியும் தாய்மாரைக் கொண்டுபோன காலத்தில் எல்லோருடைய கண்களும் தாயின் மீதே இருந்தன. பிள்ளை அழுதால் பிழைத்தது. அழாவிட்டால் ஆண்டவன் விட்ட வழி. அழாத பிள்ளையை அழவைக்க எத்தனையோ வித்தைகள் செய்தார்கள். முதுகில் அறைந்தார்கள். சுடுநீரிலும் குளிர்நீரிலும் மாறிமாறி அமிழ்த்தினார்கள். பிள்ளையின் தோள்களைப் பிடித்து மேலும் கீழுமாக வீசி ஆட்டும் முறையொன்றை ஜேர்மன் வைத்தியர் பேர்ண்ஹார்ட் ஷூல்ட்ஸ் 1871இல் விவரித்தார். அது பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. இந்த வித்தைகளில் எது பயன் தந்தது, எது கேடு செய்தது என்று அறிவதற்கு அவர்களிடம் ஓர் அளவுகோல் இருக்கவில்லை. பிழைத்த பிள்ளை வித்தையால் பிழைத்தது என்றும், இறந்த பிள்ளை விதியால் இறந்தது என்றும் கணக்கு முடிந்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. வெளியே வந்த பிள்ளையின் துடிப்பை எவரும் முறையாக எண்ணாத அந்தக் காலத்திலேயே, கருப்பைக்குள் இருக்கும் பிள்ளையின் துடிப்பைக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 1816இல் பாரிஸ் நகரில் லெனெக் என்ற வைத்தியர் கடதாசியைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அது. ஐந்து ஆண்டுகளின் பின், 1821இல், கெர்கராடெக் என்ற மற்றொரு பிரெஞ்சு வைத்தியர் அந்தக் குழலைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தார். பனிக்குட நீரில் பிள்ளை அசையும் ஓசையைக் கேட்பதே அவரது நோக்கம். அவருக்குக் கேட்டதோ கைக்கடிகாரத்தின் ஓசையை ஒத்த விரைந்த துடிப்பு. அந்தத் துடிப்பின் மாற்றத்தைக் கொண்டு பிள்ளை நலமாயிருக்கிறதா என்று மதிப்பிடலாம் அல்லவா என்ற கேள்வியையும் அவரே எழுப்பினார். பிற்காலத்தில் பினார் என்பவரின் பெயரால் வழங்கலாயிற்று ஊதுகுழல் போன்ற ஒரு கருவி. அதை நமது ஊர் மருத்துவமாதர்களின் கைப்பையிலும் நம்மில் பலர் கண்டிருப்போம். வயிற்றுக்குள் இருந்தவரை செவிமடுக்கப்பட்ட இதயம், உலகுக்கு வந்ததும் கேட்பாரற்றுப் போயிற்று. பிள்ளை வெளியே வந்ததும் குழல் பைக்குள் போய்விடும். அதன்பின் அழுகைதான் சாட்சி.

இந்த அறிவு நமது மண்ணுக்கு வந்து சேர்ந்த விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தங்கித் தமிழ் கற்று, தமிழிலேயே மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பித்தார். ஆங்கிலத்தில் இருந்த மகப்பேற்று நூலொன்று 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் 1857இல் அவரது முயற்சியால் தமிழில் அச்சாயிற்று. மேலைத்தேய மகப்பேற்று வைத்தியத்தை ஒரு தமிழ் மாணவன் தன் தாய்மொழியிலேயே படிக்க முடிந்த காலம் அது என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. கேட்கும் குழலும் பிடிக்கும் ஆயுதமும் கடல் கடந்து வந்தன. ஆனால் பிறந்த பிள்ளையை எப்படி அளப்பது என்ற அறிவு வரவில்லை. அனுப்பிய நாடுகளிலேயே அது உருவாகியிருக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பிரசவம் வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குப் போயிற்று. தாய்மாருக்கு நோவு தெரியாதிருக்கப் பலவித மயக்க மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவை தாயின் இரத்தத்தின் வழியே பிள்ளையையும் எட்டின. பிள்ளைகள் சோர்ந்து, நீலம் பாரித்து, மூச்சு விட மறந்தவை போலப் பிறந்தன. பிறந்து சில வாரங்கள் கடந்த பிள்ளைகளின் இறப்பு மளமளவென்று குறைந்தபோதும் முதல் நாளில் நிகழும் இறப்புகள் அந்த வேகத்தில் குறையவில்லை. தாய்க்கு ஒரு வைத்தியர், மயக்க மருந்துக்கு ஒரு வைத்தியர் என்று அறை நிறைய ஆட்கள் இருந்தும், பிள்ளைக்கென்று ஒருவர் இல்லை.

இந்த இடத்தில்தான் வெர்ஜினியா அப்கார் வருகிறார். 1909இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் பிறந்த அவர் 1933இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். சத்திரசிகிச்சை நிபுணராவதே அவரது கனவு. திறமை இருந்தது, பயிற்சியும் தொடங்கிவிட்டது. ஆயினும் பொருளாதார மந்த காலத்தில் ஒரு பெண் அத்துறையில் பிழைப்பது கடினம் என்று அவருடைய பேராசிரியர் அலன் விப்பிள் அறிவுரை கூறி, அப்போது வளர்ந்துகொண்டிருந்த மயக்க மருந்துத் துறைக்குத் திருப்பிவிட்டார். 1938இல் அப்பிரிவின் பொறுப்பை ஏற்று, தனியாளாக அதைக் கட்டி வளர்த்தார் அப்கார். 1949இல் அது முழுத் துறையாக உயர்த்தப்பட்டபோது தலைமை ஓர் ஆணுக்குக் கொடுக்கப்பட்டது. அப்காருக்குக் கிடைத்தது பேராசிரியர் பதவி. அந்த வைத்தியக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதற் பெண் அவர்தான். நிர்வாகச் சுமை நீங்கிய அவர் மகப்பேற்று விடுதிக்குச் சென்றார். ஒருவருக்குக் கைநழுவிய பதவி உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் நன்மையாக முடிந்த கதை இது.

வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலையில் ஒரு காலை, பிறந்த பிள்ளையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மாணவர் கேட்டதாகவும், கைக்கு அகப்பட்ட ஒரு துண்டு அட்டையில் அப்கார் ஐந்து குறிப்புகளை எழுதிக் காட்டியதாகவும் சொல்வார்கள். 1952இல் ஒரு மாநாட்டில் அந்த முறையை அவர் அறிவித்தார். 1953இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

முறை மிக எளியது. பிள்ளை முழுமையாக வெளியே வந்து 60 விநாடிகள் கழிந்ததும் ஐந்து அறிகுறிகளைப் பார்க்க வேண்டும். இதயத்துடிப்பு, மூச்சு விடும் முயற்சி, தூண்டினால் முகஞ்சுளித்தல் அல்லது தும்மல் போன்ற எதிர்வினை, கை கால்களின் இறுக்கம், தோலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று புள்ளி. ஆகக் கூடியது 10. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100 முதல் 140 வரை இருந்தால் 2. 100க்குக் குறைந்தால் 1. துடிப்பைக் காணவோ தொட்டறியவோ கேட்கவோ முடியாவிட்டால் 0. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கண்ணும் கையும் காதும் ஒரு மணிக்கூடும் போதும்.

இந்த ஐந்தில் இதயத்துடிப்பே மிக முக்கியமானது என்று அப்கார் அந்தக் கட்டுரையிலேயே எழுதினார். துடிப்பை விரைவாக அறியத் தொப்புள்கொடியைத் தொப்புளிலிருந்து ஏறத்தாழ இரண்டு அங்குல தூரத்தில் விரல்களால் பிடித்துப் பார்ப்பதே சிறந்தது என்றும் கூறினார். பிள்ளைக்கு மூச்சூட்ட வேண்டிய நிலை வந்தால் ஒருவர் கொடியைப் பிடித்தபடியே நின்று, துடிப்பின் வேகத்தைத் தம் மறு விரலை அசைத்து ஏனையோருக்குக் காட்டலாம் என்பதும் அவரது யோசனை. பரபரப்பான அறையில் ஒரு விரல் மட்டும் மேலும் கீழும் அசைகிறது. எல்லோருடைய பார்வையும் அந்த விரலில். இன்று மின்னணுத் திரையில் ஓடும் கோட்டின் மூதாதை அந்த விரல்தான்.

இதயத்துடிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? கருப்பையில் பிள்ளையின் நுரையீரல் நீரால் நிறைந்திருக்கிறது. அதற்கு வேண்டிய ஒட்சிசன் தாயிடமிருந்து கொடி வழியே வருகிறது. பிறந்த சில விநாடிகளில் அந்த நீர் விலகி, காற்று உட்புக வேண்டும். அது நடைபெறாவிட்டால் ஒட்சிசன் குறைந்து இதயம் மெதுவாகிறது. வளர்ந்தவர்களின் இதயம் நிற்பதற்குப் பெரும்பாலும் இதயத்தின் நோயே காரணமாகிறது. பிறந்த பிள்ளையின் இதயம் தளர்வதற்குப் பெரும்பாலும் மூச்சின்மையே காரணம். ஆகவே முகமூடியும் காற்றுப்பையும் கொண்டு நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தினால், பிள்ளை அழுவதற்கு முன்னரே, தோல் சிவப்பதற்கு முன்னரே, இதயத்துடிப்பு ஏறத் தொடங்குகிறது. செய்வது சரியா, பிழையா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்வது இதயம். ஷூல்ட்ஸ் காலத்து வைத்தியர்களிடம் இல்லாதிருந்த அளவுகோல் இதுவே.

முதற் கட்டுரையிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கு இருந்தது. மாதம் நிறைந்து பிறந்தவர்களில் 0 முதல் 2 வரை பெற்றோரில் நூற்றுக்கு 14 பேர் இறந்தனர். 8 முதல் 10 வரை பெற்றோரில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவரே. எந்த மயக்க மருந்து பிள்ளையைச் சோர வைக்கிறது என்பதும் இந்தக் கணக்கால் தெரியவந்தது. சைக்ளோபுரொப்பேன் என்ற வாயு அப்காருக்கு மிகவும் பிடித்தமானது. அதைப் பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் தளர்ந்து பிறப்பதை அவரும் அவருடைய சகாக்களும் அளந்து கண்டபோது, பிரசவத்தில் அதைப் பயன்படுத்துவதை அவர் கைவிட்டார். தான் உருவாக்கிய தராசில் தன்னுடைய பழக்கத்தையே வைத்து நிறுத்தவர் அவர்.

பத்திரிகையாளன் என்ற முறையில் அப்கார் விதித்த ஒரு நிபந்தனை என்னை மிகவும் கவர்ந்தது. பிரசவம் பார்த்த வைத்தியர் அந்தப் பிள்ளைக்குப் புள்ளியிடக்கூடாது. வேறொருவர் இட வேண்டும். பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் பிரசவம் பார்த்தவரின் கண்ணை மறைக்கும் என்பது அவருடைய கருத்து. எழுதியவனே தன் செய்தியை ஒப்புநோக்கக்கூடாது என்று எங்கள் ஆசிரிய பீடத்தில் மூத்தவர்கள் சொல்வார்கள். காரணம் ஒன்றுதான். இந்த நிபந்தனையால் வேறொரு நன்மையும் விளைந்தது. புள்ளியிட ஒருவர் வேண்டும் என்றதும், பிரசவ அறையில் பிள்ளையை மட்டுமே பார்க்கும் ஒருவர் நிற்கவேண்டியதாயிற்று.

1962இல் அமெரிக்காவில் வைத்திய மாணவர்களின் நினைவுக்கு உதவியாக, அப்கார் என்ற பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளுக்கும் ஐந்து அறிகுறிகளைப் பொருத்திச் சொல்லும் வழக்கம் தோன்றியது. அதன் விளைவாக, அப்கார் என்பது சொற்களின் சுருக்கம் என்றே பலர் எண்ணிவிட்டார்கள். அப்படி ஒரு பெண் வாழ்ந்தார் என்பதை மறந்துபோனார்கள். அவர் பல்துறை ஈடுபாடு கொண்டவர். வயலின் குடும்ப வாத்தியங்களைத் தம் கையாலேயே செய்தவர். வைத்தியசாலையின் தொலைபேசிக் கூண்டில் இருந்த அருமையான மரப்பலகை ஒன்றை இரவோடிரவாக ஒரு நண்பியுடன் சேர்ந்து கழற்றியெடுத்து வாத்தியம் செய்த குறும்பும் அவர் கதையில் உண்டு. 1974இல் அவர் காலமானார். 1994இல் அமெரிக்கா அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

அப்காரின் ஐந்து அறிகுறிகளில் அவருக்கே திருப்தி தராதது ஒன்று இருந்தது. அது நிறம். பரம்பரையாக வரும் தோல் நிறமும், பிள்ளையின் மேல் படிந்திருக்கும் பொருள்களும் பார்வையைக் குழப்பும் என்று அவர் அன்றே எழுதினார். இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெய் விட்டு நூல் திரியிட்டு எரித்த விளக்குகளின் காலம் அது. போக்குவரத்தும் இல்லாத இரவுகளில் அவர் பல வீடுகளில் பிரசவம் பார்த்திருக்கிறார். போர் முடிந்தபின் ஒரு கட்டுரைக்காக நான் அவரைச் செவ்வி கண்டேன்.

"தம்பி, அந்த விளக்கு வெளிச்சத்திலை எல்லாப் பிள்ளையும் மஞ்சளாய்த்தான் தெரியும். நீலமோ சிவப்போ ஆர் கண்டது? கொடியைத் தொட்டுப் பாத்தால்தான் பிள்ளை என்ன சொல்லுதெண்டு தெரியும்" என்றார் அவர். கொடியில் துடிப்பு நன்றாக இருந்தால் மனம் ஆறுதலாக வேலை செய்யலாம் என்றும், துடிப்பு மெல்லிதானால் தன் நெஞ்சும் மெல்லிதாகிவிடும் என்றும் சொன்னார். அப்கார் என்ற பெயரைப் பயிற்சிக் காலத்தில் படித்ததுண்டு என்றார். அது ஒரு பெண்ணின் பெயர் என்று நான் சொன்னபோது சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அதுதானே பாத்தன்" என்று சிரித்தார்.

இலங்கையில் 1946இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 141 பேர் முதலாவது பிறந்தநாளைக் காணாமல் இறந்தார்கள். இன்று அந்த எண் ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. மலேரியா ஒழிப்பு, இலவசக் கல்வி, கிராமந்தோறும் சிகிச்சை நிலையங்கள் என்று இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலம் முதல் வீடு வீடாக நடந்த மருத்துவமாதர். அவர்களின் பெயர்களில் தபால் தலை இல்லை.

நிறத்தின் பிரச்சினை விளக்கோடு முடிந்துவிடவில்லை. உடல் முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தால் 2 புள்ளி என்ற விதி வெள்ளைத் தோலை மனதிற்கொண்டு எழுதப்பட்டது. 2023இல் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையின் இன மற்றும் சுகாதார ஆய்வகம் வெளியிட்ட அறிக்கை, கறுப்பின, ஆசியப் பிள்ளைகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது என்றும் அப்கார் முறையை மீளாய்வு செய்ய வேண்டும் என்றும் கூறியது. லண்டனில் பிறக்கும் நம்மவர் பிள்ளைகளையும் தொடுகின்ற விடயம் இது. பிள்ளைக்கு உயிர்ப்பூட்டுவதற்கான இன்றைய வழிகாட்டல்கள் நிறத்தை நம்புவதில்லை. மூச்சையும் இதயத்துடிப்பையுமே கேட்கின்றன. எந்த இனத்துப் பிள்ளைக்கும் இதயத்தின் எண்ணிக்கை ஒன்றுதான்.

ஆனால் அந்த எண்ணிக்கையை எடுக்கும் விரலை எவ்வளவு நம்பலாம்? அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் நடைபெற்று 2006இல் வெளிவந்த ஆய்வொன்று இதைச் சோதித்தது. பிள்ளைக்கு ஈ.சி.ஜி. பொருத்திவிட்டு, அதே வேளையில் வைத்தியர்களை எண்ணச் சொன்னார்கள். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டவர்கள் உண்மையான துடிப்பைவிடச் சராசரியாக 14 குறைத்து எண்ணினார்கள். கொடியைத் தொட்டுப் பார்த்தவர்கள் 21 குறைத்து எண்ணினார்கள். நலமான பிள்ளைகள் சிலரில் கொடியில் துடிப்பே விரலுக்குத் தட்டுப்படுவதில்லை என்பதும் வேறு ஆய்வுகளில் தெரியவந்தது. ஆறு விநாடி எண்ணி, ஒரு சைபர் சேர்ப்பது வழக்கமான முறை. ஆறு விநாடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் நிமிடக் கணக்கில் பத்துத் தவறுகிறது.

2010இல் அதே நகரத்து ஆய்வாளர்கள், உதவி எதுவும் தேவைப்படாத 468 பிள்ளைகளின் துடிப்பைப் பல்ஸ் ஒக்ஸிமீற்றரால் அளந்து வெளியிட்டார்கள். முதல் நிமிடத்தில் நடுநிலை அளவு 96; இரண்டாம் நிமிடத்தில் 139; ஐந்தாம் நிமிடத்தில் 163. அதாவது, நலமாகப் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் நிமிடத்தில் அந்தக் கருவி காட்டியது அப்கார் வகுத்த 100 என்ற எல்லையைவிடக் குறைவு. ஒருமுறை பார்த்துத் தீர்ப்பு வழங்கலாகாது, துடிப்பு ஏறுகிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து கிடைத்தது. 2015இல் வெளியான சர்வதேச வழிகாட்டல்கள், உயிர்ப்பூட்ட வேண்டிய பிள்ளைகளுக்கு விரைவாகவும் துல்லியமாகவும் துடிப்பை அறிய ஈ.சி.ஜி.யைப் பயன்படுத்தலாம் என்று கூறின. எல்லைகள் இன்றும் எளியவை. 100க்குக் கீழே இருந்தால், அல்லது மூச்சு இல்லாவிட்டால், காற்றூட்ட வேண்டும். நன்றாகக் காற்றூட்டிய பின்னரும் 60க்குக் கீழே இருந்தால் நெஞ்சையும் அழுத்த வேண்டும்.

அப்கார் புள்ளி தவறாகப் பயன்பட்டதும் உண்டு. குறைந்த புள்ளி பெற்ற பிள்ளை பிற்காலத்தில் மூளைப் பாதிப்புக்கு உள்ளாகும் என்று சோதிடம் சொல்வது போலச் சிலர் கூறினர். வழக்கு மன்றங்களிலும் அந்த எண் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டது. ஒரு தனிப் பிள்ளையின் எதிர்காலத்தை அந்தப் புள்ளி சொல்லாது என்று அமெரிக்காவின் குழந்தை வைத்தியர் சங்கமும் மகப்பேற்று வைத்தியர் கல்லூரியும் கூட்டாக அறிவுறுத்தியுள்ளன. உயிர்ப்பூட்டும் வேலையைத் தொடங்குவதற்கு ஒரு நிமிடப் புள்ளிக்காகக் காத்திருக்கவும் கூடாது. குறைந்த புள்ளியைக் கண்டு பல ஆண்டுகளாக மனதுக்குள் அஞ்சிக்கொண்டிருக்கும் பெற்றோர் யாரேனும் இதை வாசித்தால், அந்த எண் அந்த நிமிடத்துக்கு மட்டும் உரியது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

இறுதியாகத் தன்சானியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2010இல் உலகளாவிய முறையில் தொடங்கப்பட்ட ஒரு பயிற்சித் திட்டம், வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமாதருக்கு மிக எளிய பாடம் ஒன்றைக் கற்பித்தது. பிள்ளையைத் துடைத்து உலர்த்து, தூண்டு, மூச்சு இல்லையேல் ஒரு நிமிடத்துக்குள் காற்றுப்பையால் காற்றூட்டு என்பதே அந்தப் பாடம். தன்சானியாவின் எட்டு வைத்தியசாலைகளில் இதன் பலனை அளந்து 2013இல் வெளியிட்டார்கள். பிறந்து 24 மணி நேரத்துக்குள் நிகழும் இறப்பு ஏறத்தாழ 47 வீதம் குறைந்திருந்தது. எதிர்பாராத விதமாக, செத்துப் பிறந்தவை என்று பதியப்பட்டவற்றில் பிரசவ நேரத்தில் இறந்தனவாகக் கருதப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ 24 வீதம் குறைந்தது.

பிறந்தபின் கொடுக்கும் சிகிச்சை, பிறக்கும் முன் இறந்த பிள்ளையை எப்படிக் காப்பாற்றும்? காப்பாற்ற முடியாது. ஆய்வாளர்கள் கூறும் விளக்கம் இதுதான்: முன்னர் செத்துப் பிறந்தவை என்று எழுதப்பட்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினர் உண்மையில் செத்துப் பிறக்கவில்லை. அசைவில்லை, அழுகையில்லை, மூச்சில்லை. ஆனால் உள்ளே இதயம் மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்க யாருமில்லை. டோர்செற்றில் 1840இல் ஒரு பிள்ளைக்கு நேரவிருந்தது, 21ஆம் நூற்றாண்டிலும் நேர்ந்துகொண்டிருந்தது.

ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் பிள்ளைகள் செத்துப் பிறந்தவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். இத்தகைய இறப்புகளில் நூற்றுக்கு 40க்கு மேற்பட்டவை பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போது நிகழ்பவை. செத்துப் பிறந்தது என்று எழுதிவிட்டால் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பல சமயங்களில் பெயரும் இல்லை. வயிற்றின் மேல் பட்டிபோல் வைத்தால் ஈரத் தோலிலும் சில விநாடிகளில் துடிப்பைக் காட்டும் சிறு கருவிகள் இப்போது ஆபிரிக்கக் கிராமத்து வைத்தியசாலைகளுக்கும் வரத் தொடங்கியுள்ளன. கருவி வராத இடத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப் போதும். அதுவும் இல்லாத இடத்தில் கொடியில் இரண்டு விரல்கள். ஆனால் விரலுக்குத் துடிப்புத் தட்டுப்படவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையை ஒருபுறம் வைத்துவிடக்கூடாது. விரல் எண்ணத் தவறுவதை மெல்பேர்ண் வைத்தியர்களே அளந்து காட்டிவிட்டார்கள். அசையாத பிள்ளைக்கு முதலில் காற்று, அதன்பின் மீண்டும் ஒருமுறை செவிமடுத்தல். அதற்குப் பின்னரே பதிவேட்டில் பேனா வைக்க வேண்டும்.